வேலைக்கு மனு செய்யும் நாளிலேயே சம வாய்ப்பு வேண்டும்

ஜொகூர் மாநிலம், குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். தாயும் தகப்பனாரும் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் படித்து எஸ்.பி.எம். தேறி, பிறகு கணக்கியலில் டிப்ளோமாவும் முடித்துவிட்டாள். பாசிர் கூடாங்கில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்குப் பிரிவில் ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து மனு அனுப்புகிறாள்.

மனு பாரத்தில் பெயர், இனம், சமயம், முகவரி, தகப்பனாரின் தொழில் எல்லாம் கேட்கப்படுகின்றன. புகைப்படம் ஒட்ட வேண்டும். சொந்த வாகனம் உண்டா, மாண்டரின் பேச வருமா, நிறுவனத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்கிறார்கள். கணக்கு எழுதும் வேலைக்கு என்ன படித்திருக்கிறாய் என்ற கேள்வி கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது.

வாரங்கள் போகின்றன. பதில் இல்லை. தகுதி போதவில்லையா, முகவரி தூரமா, பெயர் பிடிக்கவில்லையா? யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாதபோது புகார் செய்யவும் வழியில்லை. “நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்” என்று வீட்டில் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் செகாமாட், லாபிஸ், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எங்கும் இதைப் படிக்கும் பெற்றோர் பலருக்கு இது புதுக்கதையாக இருக்காது. இந்தப் பெண்ணுக்கு நாட்டின் சட்டம் எந்த இடத்தில் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சம வாய்ப்பு என்றால் என்ன?

சம வாய்ப்பு என்றால் கேட்டவர்களுக்கெல்லாம் வேலை கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த நாட்டிலும் கிடையாது. ஓர் இடத்துக்கு நூறு பேர் மனு செய்தால் தொண்ணூற்றொன்பது பேர் ஏமாற்றத்தோடுதான் திரும்ப வேண்டும். அந்த நூறு பேரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும், அந்த அளவுகோல் வேலைக்குத் தேவையானதாக இருக்க வேண்டும் என்பதே சம வாய்ப்பு.

சமூகப் பின்னணி என்பது ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளாத விஷயங்களின் மூட்டை. எந்த இனத்தில், எந்தக் குடும்பத்தில் பிறந்தார், தகப்பனார் என்ன வேலை செய்தார், தோட்டத்தில் வளர்ந்தாரா பட்டணத்தில் வளர்ந்தாரா, வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பவை அதில் அடங்கும். நம் நாட்டில் இனத்தைப் பற்றி உரக்கப் பேசுகிறோம். குடும்பத்தின் தொழில், வளர்ந்த இடம் ஆகியவற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் மனு பாரத்தைப் புரட்டும் கை இவற்றையெல்லாம் சேர்த்தே பார்க்கிறது.

தோட்டத்தில் இருந்த படிகள்

இது நம்மவர்களுக்குப் புதிய அனுபவமல்ல. அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இன்ன படி என்று இருந்தது. மேலே வெள்ளைக்காரத் துரை. அடுத்து கிராணிமார்கள். அவர்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும் அதிகம். அதற்கும் கீழே கங்காணி. கடைசியில் பால்மரம் வெட்டும் தொழிலாளி. பால் வெட்டுபவரின் பிள்ளை பால் வெட்டத்தான் போவான் என்பதைத் துரை மட்டுமல்ல, லயத்தில் இருந்தவர்களே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதை எதிர்த்து எழுந்த பெரிய குரல் 1941ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கேட்டது. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும் மருத்துவ வசதியும் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளில் போவதற்கு உரிமை வேண்டும் என்பதே அது. எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற வழக்கம் அவர்களை அவ்வளவு வருத்தியிருந்தது.

நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். கூலியும் மரியாதையும் பிரிக்க முடியாதவை என்று அந்தத் தொழிலாளர்கள் அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்று துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. ஜொகூர் தோட்டங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் தெப்ராவ், தம்போய், ஸ்கூடாய், செனாய், பாசிர் கூடாங் தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறார்கள். தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய் வருபவர்களும் ஏராளம். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. புதிய வேலைகள் வரும் என்கிறார்கள். வரட்டும். அந்த வேலைகளுக்குள் நுழையும் வழி எல்லாருக்கும் திறந்திருக்கிறதா என்று கேட்பதும் நம் கடமைதான்.

பெயரைப் பார்த்தே முடிவா?

“திறமை இருந்தால் வேலை தானாக வரும்” என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையா என்று பார்க்க ஆய்வாளர்கள் ஓர் எளிய முறையைக் கையாள்கிறார்கள். ஒரே தரமான கல்வித் தகுதிகளை எழுதி, பெயரை மட்டும் மாற்றி, நிறுவனங்களுக்கு மனு அனுப்புகிறார்கள். யாருக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வருகிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் லீ ஹொக் ஆன், முகமட் அப்துல் காலிட் ஆகிய இருவரும் புதிய பட்டதாரிகளுக்கான தனியார் துறை வேலைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். சீனப் பெயர் கொண்ட மனுக்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டுக்கு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர் கொண்டவற்றில் ஏறத்தாழ 4 விழுக்காட்டுக்குத்தான் வந்தது. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் நாட்டின் பெரும்பான்மை இனத்தவருக்கே தனியார் நிறுவனங்களில் இந்த நிலை என்றால், பெயர் என்ன செய்யும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஜாதியையும் சமயத்தையும் பார்த்தது. எல்லாரும் பட்டதாரிகள், ஒரே தகுதி. உயர்ஜாதிப் பெயர்களோடு ஒப்பிட்டால் தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

பெயர் ஒரு தடை மட்டுமே. “தெரிந்தவர் இருக்கிறாரா” என்ற கேள்வி இன்னொரு தடை. பல நிறுவனங்களில் காலி இடங்கள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே, உள்ளே இருப்பவர்களின் உறவினர், நண்பர் மூலம் நிரம்பிவிடுகின்றன. இதில் யாரும் யாரையும் வெறுத்து ஒதுக்குவதில்லை. இருந்தாலும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரையும் தெரியாத தோட்டத்துக் குடும்பத்தின் பிள்ளைக்கு அந்த வேலை இருந்ததே தெரியாமல் போய்விடுகிறது. சொந்த வாகனம் கேட்பதும் அப்படித்தான். பஸ் வராத தோட்டத்தில் இருக்கும் பிள்ளை கார் வாங்குவது முதல் சம்பளத்துக்குப் பிறகுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

வேலைக்குப் போகும் ஒருவர் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பார். மூன்றிலும் சட்டத்தின் பாதுகாப்பு ஒரே மாதிரி இல்லை.

முதலாவது, அரசாங்க வேலைக்கு மனு செய்பவர். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகிய காரணங்களுக்காக மட்டும் குடிமக்களிடம் பொது அதிகாரிகள் வேலை நியமனத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ‘பால்’ என்ற சொல் 2001இல் சேர்க்கப்பட்டது. அரசியலமைப்பே அனுமதித்த விலக்குகளும் உண்டு. பொதுச் சேவையில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் நியாயமான விகிதத்தில் இடங்களை ஒதுக்க 153ஆவது விதி வகை செய்கிறது. அதே அரசியலமைப்பின் 136ஆவது விதி, கூட்டரசு சேவையில் ஒரே தரத்தில் இருப்பவர்களை இன வேறுபாடின்றிப் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும் என்கிறது. 153ஐப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். 136ஐயும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு வெறும் எழுத்தோடு நின்றுவிடவில்லை. தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்த நூர்பாடில்லா என்ற பெண், தாம் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னதும் அந்த வேலை திரும்பப் பெறப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அது 8ஆவது விதிக்கு முரணான பால் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

இரண்டாவது, தனியார் நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர். இங்கே அரசியலமைப்பு கை கொடுப்பதில்லை. மலேசிய விமான நிறுவனத்தின் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் கர்ப்பமானதால் வேலை இழந்தார். அவர் நீதிமன்றம் போனபோது, அரசியலமைப்பு உரிமைகள் அரசாங்கத்தின் செயல்களுக்கு எதிராகத்தான், தனியார் ஒப்பந்தங்களுக்கு அவை பொருந்தாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது.

ஏறக்குறைய ஒரே மாதிரியான துயரம். ஒருவருக்கு முதலாளி அரசாங்கம், அவர் வென்றார். மற்றவருக்கு முதலாளி நிறுவனம், அவர் தோற்றார்.

அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது வேலைச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தம். அதில் சேர்க்கப்பட்ட 69எப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு பற்றித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் எழும் தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை கூடுதல் அபராதம். சம்பளம், பதவி உயர்வு, பயிற்சி எதிலும் இன்னார் என்பதால் ஒதுக்கப்பட்டேன் என்று கருதும் தொழிலாளி இந்தப் பிரிவைச் சொல்லிப் புகார் செய்யலாம்.

மூன்றாவது நிலையில் இருப்பவர்தான் நம் குளுவாங் பெண். அவள் தனியார் நிறுவனத்துக்கு மனு செய்திருக்கிறாள். இன்னும் அங்கே தொழிலாளி ஆகவில்லை. 69எப் பிரிவு “தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும்” இடையிலான தகராறு என்றே பேசுகிறது. வேலை தேடுபவரை அது குறிப்பிடவில்லை. 8ஆவது விதியோ தனியாரைத் தொடுவதில்லை. ஆக, சமூகப் பின்னணி மிக அதிகமாக எடைபோடப்படும் அந்த நேரத்தில், சட்டம் அவளுக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது.

சட்டத்தால் அதுவரை வர முடியாதா?

வேலைக்கு யாரை எடுப்பது என்பது முதலாளியின் சொந்த விருப்பம், அதில் சட்டம் தலையிட முடியாது என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. நம் நாட்டுச் சட்டமே அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, ஒருவர் தொழிற்சங்க உறுப்பினர் என்பதற்காக அவருக்கு வேலை கொடுக்க மறுக்கக்கூடாது என்கிறது. தொழிற்சங்கத்துக்காக அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்ய முடிந்ததை, இனத்துக்காகவும் குடும்பப் பின்னணிக்காகவும் ஏன் செய்ய முடியாது?

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 111ஆவது உடன்பாடு 1958இலேயே, இனம், சமயம் ஆகியவற்றோடு ‘சமூகப் பிறப்பிடம்’ என்பதையும் பாகுபாட்டுக்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. வேலை கிடைப்பதும் அதன் வரம்புக்குள் வருகிறது. நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் சந்ததியினர் வாழும் தென்னாப்பிரிக்காவில், 1998இல் இயற்றப்பட்ட வேலை சமத்துவச் சட்டம் சமூகப் பிறப்பிடத்தையும் பட்டியலிட்டு, மனு செய்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்கிறது.

ஜொகூர்பாரு மக்களுக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் சிங்கப்பூர். 2025 ஜனவரியில் அதன் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலைக்கு ஆள் எடுப்பதும் அதில் அடக்கம். இனம், சமயம், வயது, பால் ஆகியவற்றோடு மொழித் திறனையும் அது பட்டியலில் சேர்த்திருக்கிறது. வேலைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் குறிப்பிட்ட மொழியைக் கேட்கலாம். அந்தச் சட்டத்திலும் குறை உண்டு. 25 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு அளிக்கப்படுகிறது.

முதலாளிகள் தரப்பு

முதலாளிகள் சொல்வதையும் கேட்க வேண்டும். சீன மொழி பேசும் வாடிக்கையாளர்களோடு தினமும் பேச வேண்டிய விற்பனையாளருக்கு மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயம்தான். அதே நிபந்தனையைப் பண்டகசாலையில் பெட்டி அடுக்குபவருக்கு வைத்தால், மொழி என்ற பெயரில் இனத்தைக் கேட்கிறார்கள் என்றுதான் பொருள். இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும். அந்தத் தகுதி இல்லாமல் அந்த வேலை நடக்குமா, நடக்காதா?

“தெரிந்தவர் மூலம் எடுத்தால் நம்பிக்கையான ஆள் கிடைக்கும்” என்பதும் அவர்களின் வாதம். நம்பிக்கையைத் தகுதிகாண் காலத்தில் சோதித்துக்கொள்ளலாம். நூறு பேரில் தேடினால் கிடைக்கும் கெட்டிக்காரர், சொந்தக்காரர் பத்துப் பேரில் தேடினால் கிடைப்பாரா என்று யோசித்தால் நட்டம் யாருக்கு என்பது புரியும்.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

இதைப் பேசும்போது விரலை வெளியே மட்டும் நீட்டுவது சரியாகாது. நம்மவர் நடத்தும் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை கேட்டு வரும் பிள்ளையிடம், “எந்தத் தோட்டம்? தாத்தாவுக்கு ஊர்ல எந்த ஊர்?” என்று கேட்கும் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அன்பாகக் கேட்பவர்களும் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியின் முடிவில் சிலர் தெரிந்துகொள்ள விரும்புவது ஜாதியை. பதில் சொல்லும் பிள்ளைக்கும் அது தெரியும்.

மாண்டரின் தெரியவில்லை என்று நம் பிள்ளையை ஒதுக்கினால் கோபம் வருகிறது. தோட்டத்துப் பிள்ளை என்றோ, இன்ன ஜாதி என்றோ நாமே ஒதுக்கினால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

இப்போதே செய்யக்கூடியவை

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலை தேடும் பிள்ளைகள் விளம்பரத்தையும் அனுப்பிய மனுவையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விகளை அன்றே தேதியோடு எழுதி வைப்பது நல்லது. வேலை கிடைக்காவிட்டால் எந்தத் தகுதி குறைந்தது என்று பணிவாகக் கேட்டு எழுதலாம். பதில் வந்தால் அடுத்த மனுவுக்கு உதவும். அரசாங்க வேலை வேண்டுமென்றால் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி அவசியம் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே மனதில் கொள்ள வேண்டும்.

வேலையில் இருப்பவர்கள், பாகுபாடு என்றால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். நியாயமின்றி வேலை நீக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். “அப்புறம் பார்க்கலாம்” என்று நாளைக் கடத்தி உரிமையை இழப்பவர்கள் உண்டு. தொழிற்சங்கம் இருந்தால் அதில் சேர்வது பெரும் பலம்.

முதலாளிகள் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். மனுக்களைப் பிரிக்கும் முன்பே வேலைக்குத் தேவையான தகுதிகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். தகப்பனார் தொழில், சமயம், புகைப்படம் ஆகியவற்றை முதல் பாரத்திலிருந்து நீக்கிவிடலாம். வருபவர் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். நேர்முகத் தேர்வில் ஒருவருக்குப் பதில் இருவர் உட்காரலாம்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது அதைவிடப் பெரிது. 69எப் பிரிவில் “வேலை தேடுபவர்” என்பதையும் சேர்த்து, எந்தெந்தக் காரணங்கள் பாகுபாடு ஆகும் என்பதையும் தெளிவாகப் பட்டியலிட வேண்டும். தொகுதிக்கு வரும் மக்கள் பிரதிநிதிகளிடம் கோயிலுக்கு மானியம் கேட்பதோடு இதையும் கேட்கலாம்.

குறைந்தபட்சச் சம்பளம் இன்று 1,700 வெள்ளி. யாருடைய பிள்ளையாக இருந்தாலும் அதற்குக் கீழே கொடுக்க முடியாது. அது வேலைக்குள் நுழைந்தவர்களுக்கு. குளுவாங் பெண் இன்னும் வெளியேதான் நிற்கிறாள். அவளுடைய மனுவைத் திறக்கும் அதிகாரி முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவள் என்ன படித்திருக்கிறாள் என்று பார்த்தால் போதும். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.